அயலும் அயலாரும்

2011ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரின் தென்கரையிலுள்ள பேர்மண்ட்சி வீதியில் ஸ்பானிய உணவுச்சாலையொன்று திறக்கப்பட்டது. இடம் மிகச் சிறியது, ஆசனங்கள் சில, பலர் நின்றபடியே உண்பர். ‘தாப்பாஸ்’ எனப்படும் சிற்றுணவு வகைகளே அங்கு விசேடம். ‘தாப்பா’ என்னும் ஸ்பானியச் சொல்லுக்கு மூடி என்பது பொருள். மதுக்கிண்ணத்தின்மேற் பாண் துண்டையோ இறைச்சித் துண்டையோ மூடியாக வைத்துக் கொடுத்த வழக்கிலிருந்து இப்பெயர் பிறந்தது என்பர். சிறு தட்டுக்களிற் பல பண்டங்களை நடுவில் வைத்துக் கூடிநிற்போர் பகிர்ந்துண்பது அதன் முறை. அதே ஆண்டில் அதே வீதியிற் பெரியதோர் ஓவியக் காட்சிக்கூடமும் திறக்கப்பட்டது. மறு ஆண்டில், சற்றுத் தொலைவில், 310 மீற்றர் அளவு உயரமான ‘ஷார்ட்’ என்னும் கண்ணாடிக் கோபுரம் எழுந்து நின்றது.

ஓர் உணவுச்சாலை திறக்கப்படுவதில் அறநெறி பற்றிய வினா ஏதும் உண்டா என்று சிலர் கேட்கலாம். உண்டு என்பதே எமது கருத்து. நகரின் பழைய உழைப்பாளர் பகுதியொன்றிற் புதிய உணவுச்சாலை திறக்கப்படும்போதெல்லாம் இருவகைக் குரல்கள் எழுவதைக் காண்கிறோம். ஒன்று, “நகரம் வளர்கிறது, பண்பாடுகள் கலக்கின்றன, மகிழ்க” என்பது. மற்றது, “அந்நியர் வந்துவிட்டனர், எமது வீதி பறிபோயிற்று” என்பது. முதலாவது குரல் வாடகைச் சீட்டைப் பார்ப்பதில்லை. இரண்டாவது குரல் அதைப் பார்க்கிறது. ஆனால் அதனை எழுதிய கை யாருடையது என்பதைத் தவறாகக் கணிக்கிறது. இவ்விரண்டுக்கும் அப்பால் நின்று, குடிபெயர்க்கப்பட்டவனின் இழப்புக்கு யார் பொறுப்பு என்பதை ஆராய்தல் முற்போக்காளரின் கடமையாகும்.

முதலில் அவ்வீதி யாருடைய வீதி என்பதை அறிதல் வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டிற் பேர்மண்ட்சி தோல் பதனிடும் தொழிலுக்குப் பெயர்பெற்றிருந்தது. அதன் நாற்றம் ஆற்றைக் கடந்தும் வீசியது. தேம்ஸ் நதியின் ஓரமாக நின்ற பண்டகசாலைகளில் உலகின் உணவெல்லாம் வந்திறங்கியமையால் ‘இலண்டனின் உணவறை’ என்று அக்கரை அழைக்கப்பட்டது. 1857இற் பிஸ்கோத்துத் தொழிற்சாலையொன்று அங்கு தோன்றிற்று. ஜாம், வினாகிரி, சொக்கலேற் ஆகியவற்றைச் செய்யும் சாலைகளும் எழுந்தன. பிறருடைய மேசைக்கு இனிப்பை அனுப்பிய பெண்கள் தாம் பாணும் தேநீரும் கொண்டு பசியாறினர். 1911ஆம் ஆண்டின் கொடிய கோடையில் அப்பெண்கள் ஆயிரக்கணக்கில் வேலையை விட்டு வீதிக்கு வந்தனர். தொழிற்சங்கத் தலைவி மேரி மக்காதர் அவர்களுக்குத் துணைநின்றார். ஜாம் தொழிற்சாலையொன்றில் வாரச் சம்பளம் 9 சில்லிங்கிலிருந்து 11 சில்லிங்காக உயர்ந்தது. இரண்டு சில்லிங் சிறு தொகைதான். ஆனால் கெஞ்சிப் பெற்றதன்று.

இப்பண்டகசாலைகளின் கதையில் எமக்கும் பங்குண்டு. 1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெயிலர் என்பவர் தேயிலைத் தோட்டம் அமைத்த பின்னர், மலைநாட்டிற் கூலிகளாகக் கொணரப்பட்ட தமிழரின் உழைப்பு பெட்டிகளில் அடைக்கப்பட்டு இலண்டனுக்குச் சென்றது. ஆற்றின் வடகரையில் மின்சிங் லேனில் அது ஏலம் கூறப்பட்டது. தென்கரையில் தேயிலைக்கெனப் பெரும் பண்டகசாலைகள் நின்றன. அங்கு மூட்டை சுமந்த தொழிலாளியும் இங்கு கொழுந்து பறித்த பெண்ணும் ஒருவரையொருவர் அறியார். எனினும் ஒரே சங்கிலியின் இரு கண்ணிகளாக இருந்தனர். 1948இற் குடியுரிமைச் சட்டம் இவளை நாடற்றவளாக்கிற்று. பின்னர் ஒரு காலத்திற் சந்தையின் சட்டம் அவனை வீடற்றவனாக்கிற்று.

அது எவ்வாறு நிகழ்ந்தது? கப்பல்கள் பெருத்தன, சரக்குப் பெட்டகங்கள் வந்தன, துறைகள் நதியின் முகத்துவாரத்தை நோக்கி நகர்ந்தன. பட்லர் துறையின் பண்டகசாலை 1972இல் மூடப்பட்டது. பிஸ்கோத்துச் சாலை 1989இல் மூடப்பட்டது. வேலை போயிற்று, ஆனால் நகரசபையின் வீடுகள் இருந்தன. 1980ஆம் ஆண்டின் வீடமைப்புச் சட்டம், வாடகைக்கு இருந்தோர் அவ்வீடுகளைக் குறைந்த விலைக்கு வாங்கிக்கொள்ள உரிமை அளித்தது. வாங்கியவர்களிற் பலருக்கு அது நன்மையாகவே தோன்றியது. ஆனால் விற்கப்பட்ட அளவுக்குப் புதிய வீடுகள் கட்டப்படவில்லை. பொதுச்சொத்தாயிருந்த கூரை ஒரு தலைமுறைக்குள் சந்தைப் பண்டமாயிற்று. 1999இற் சுரங்கரயில் பேர்மண்ட்சிக்கு வந்தது. பண்டகசாலைகள் உயர்விலை மாடிமனைகளாக மாறின. அம்மனைகளின் பெயர்களைக் கேளுங்கள்: கறுவாத் துறை, ஏலக்காய்க் கட்டடம், கராம்புக் கட்டடம், தேயிலை வணிகத் துறை. உழைப்பு வெளியேறிவிட்டது, அதன் வாசனை மாத்திரம் பெயர்ப்பலகையில் அலங்காரமாக எஞ்சியுள்ளது.

இம்மாற்றத்துக்கு முதன்முதலிற் பெயரிட்டவர் ரூத் கிளாஸ் என்னும் சமூகவியலறிஞர். பேர்லினிற் பிறந்து இலண்டனில் வாழ்ந்த அவர், 1964இல், உழைக்கும் மக்களின் குடியிருப்புக்களை மத்தியதர வகுப்பினர் ஒன்றன்பின் ஒன்றாகக் கைப்பற்றுவதைக் கண்டு, ‘ஜென்ரி’ என்னும் ஆங்கிலச் சொல்லைக் கொண்டு ஏளனம் கலந்த ஒரு புதுச் சொல்லை உருவாக்கினார். ‘கனவான்மயமாதல்’ என்று அதனைத் தமிழிற் கூறலாம். எமது மலைநாட்டு வழக்கிற் கூறின் ‘துரைமயமாதல்’ என்பது இன்னும் பொருந்தும்.

இதன் இயக்கத்தை 1979இல் நீல் சிமித் என்னும் புவியியலறிஞர் விளக்கினார். ஒரு நிலம் இன்றைய நிலையில் ஈட்டும் வாடகைக்கும், வேறு வகையிற் பயன்படுத்தப்பட்டால் ஈட்டக்கூடிய வாடகைக்கும் இடையில் ஓர் இடைவெளி உண்டு. தொழிற்சாலைகள் மூடப்பட்டு, வீடுகள் பழுதுபார்க்கப்படாது கிடக்கும்போது அவ்விடைவெளி அகலும். அது போதிய அளவு அகன்றதும் மூலதனம் திரும்பி வரும். ஆகவே அயலின் சீர்குலைவும் அதன் புத்தெழுச்சியும் ஒரே கணக்கின் இரு பக்கங்களாகும். முன்னது மூலதனம் வெளியேறியதால் வந்தது. பின்னது அது மீண்டும் உட்புகுந்ததால் வந்தது. இரண்டின்போதும் அங்கு வாழ்ந்தவனின் கருத்தை எவரும் கேட்கவில்லை.

இந்தக் கணக்கில் உணவுச்சாலைக்கு உரிய இடம் எது? அது நோயன்று, நோயின் அறிகுறியே என்று சொல்லித் தப்பிவிட முடியாது. நல்ல உணவுச்சாலை ஓர் அயலுக்குப் பெயர் தேடிக் கொடுக்கிறது. அப்பெயரை வீட்டுத் தரகன் தன் விளம்பரத்திற் சேர்த்துக்கொள்கிறான். சமையற்காரனின் கைத்திறனும் பரிமாறுவோரின் கால்நோவும் உருவாக்கிய மதிப்பு, ஒருநாளும் அடுப்பருகே நில்லாத நிலவுடைமையாளனின் வாடகையாகச் சென்று சேர்கிறது. வாடகை ஏறும்போது அயலிலுள்ள பழைய கடைக்காரன் முதலில் வெளியேறுவான். காலகதியில், அவ்வயலுக்குப் பெயர் தேடித் தந்த உணவுச்சாலையே தன் வாடகையைக் கொடுக்க முடியாது தவிக்கவும் கூடும். எனவே உணவுச்சாலையை இவ்வியக்கத்தின் காரணங்களுள் ஒன்றென்று கூறலாம். அதன் எசமானன் என்று கூறமுடியாது.

இங்குதான் இரண்டாவது குரலின் ஆபத்தை உணர்தல் வேண்டும். “அந்நிய உணவு வந்தது, எமது உணவு போயிற்று” என்று புலம்புவோர் எதனைத் தமது உணவு என்கின்றனர்? தென்கிழக்கு இலண்டன் தொழிலாளரின் உணவென்று போற்றப்படுவது இறைச்சிப் பையும், மசித்த உருளைக்கிழங்கும், விலாங்கு மீனுமாகும். டவர் பிரிட்ஜ் வீதியில் அதனை விற்ற மான்சே என்னும் புகழ்பெற்ற கடையை 1902இல் நடத்தத் தொடங்கியவர் இத்தாலியின் ரவெல்லோவிலிருந்து வந்த குடியேற்றவாசி. இன்று சுதேசிப் பண்டமாகக் கருதப்படுவதை நேற்று ஓர் அந்நியன் பரிமாறினான். அயல் என்ற எமது சொல்லே இவ்வுண்மையைத் தன்னுள் வைத்திருக்கிறது. அருகிலிருப்பதும் அயல், அப்பாலிருந்து வருவதும் அயல். அப்பாலிருந்து வந்தவன் அருகிலிருப்பவனாக மாறுவதே நகரத்தின் வரலாறு.

பேர்மண்ட்சியின் உழைப்பாளர் இதனை நன்கறிந்திருந்தனர். 1937 ஒக்ரோபர் 3ஆந் திகதி மோஸ்லியின் பாசிசக் கூட்டம் அப்பகுதியினூடாக அணிவகுத்துச் செல்ல முயன்றபோது, மக்கள் லோங் லேன் தெருவில் தடைகளை எழுப்பி எதிர்த்து நின்றனர். அதே வேளையில் ஸ்பெயினிற் குடியரசைக் காக்கும் போர் நடந்துகொண்டிருந்தது. அவ்வாண்டு மே மாதத்தில் ஏறத்தாழ 4,000 பாஸ்க் குழந்தைகள் கப்பலேறி இங்கிலாந்தில் அடைக்கலம் புகுந்தனர். ஸ்பெயின் என்ற சொல் அன்று உழைப்பாளனின் காதிற் சோதரனின் பெயராக ஒலித்தது. அந்தத் தெரு முனையிலிருந்து சில நிமிட நடைத் தூரத்திலேயே இன்று ஸ்பானியத் தட்டுக்கள் பரிமாறப்படுகின்றன. அத்தட்டை அந்நியமானது என்று வெறுக்கும்படி உழைப்பாளனின் பேரனுக்குப் போதிக்கப்படுமானால், அன்று தடையைத் தாண்ட முடியாத மோஸ்லி இன்று தாண்டிவிட்டான் என்றே பொருள்.

வினா அந்நியம் பற்றியதன்று என்பதற்கு அதே சதக் நகரசபைப் பகுதியிலேயே இன்னுமொரு சான்று உண்டு. பேர்மண்ட்சி வீதியிலிருந்து நடந்தே செல்லக்கூடிய தூரத்தில் ‘எலிபன்ற் அன்ட் காசில்’ என்ற சந்தி உள்ளது. 1965இல் திறக்கப்பட்ட அங்காடித்தொகுதி ஒன்று அங்கிருந்தது. 1990களிலிருந்து கொலம்பியா, எக்குவடோர், பொலிவியா முதலிய நாடுகளிலிருந்து வந்த ஏழை மக்கள் அதனுள்ளும் அதனருகிலும் சிறு கடைகளையும் உணவுச்சாலைகளையும் நடத்தினர். இரவிலே அலுவலகங்களைக் கூட்டித் துடைத்தவர்கள் அங்கு கூடித் தம் மொழியிற் பேசினர். அவர்கள் பேசியதும் ஸ்பானிய மொழிதான். 2020 செப்ரெம்பரில் அத்தொகுதி மூடப்பட்டது, பின்னர் இடிக்கப்பட்டது. அதற்கு அருகே 1974இற் கட்டிமுடிக்கப்பட்ட ஹேகேற் குடியிருப்பில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் இருந்தன. அவை 2014க்குள் தரைமட்டமாயின. அவ்விடத்தில் ஏறத்தாழ 2,500 வீடுகளுக்குத் திட்டம் அங்கீகரிக்கப்பட்டபோது, பழைய குடிகளின் வாடகைக்கு ஒப்பான சமூக வாடகைக்கு ஒதுக்கப்பட்டவை நூற்றுக்கும் குறைவு.

ஒரே மொழி, ஒரே நகரசபை, ஒன்று வரவேற்கப்பட்டது, மற்றது அகற்றப்பட்டது. அந்நியத்தை நகரம் வெறுத்ததென்றால் இரண்டையும் வெறுத்திருக்கும். விரும்பியதென்றால் இரண்டையும் பேணியிருக்கும். நகரத்தின் நிலவுடைமை கேட்ட வினா ஒன்றே: இந்த அந்நியம் சதுர அடிக்கு எவ்வளவு தரும்? பல்பண்பாட்டின் பெருமையைப் பாடுவோர் இந்த வினாவை மறைக்கின்றனர். அந்நியனைத் தூற்றுவோரும் இதனையே மறைக்கின்றனர்.

இனி, அச்சிறு தட்டினுள்ளே இருப்பதையும் நோக்குவோம். பேர்மண்ட்சி வீதியில் உணவுச்சாலை திறந்த ஹோசே பிசாரோ, ஸ்பெயினின் எக்ஸ்திரமதூரா மாநிலத்திலுள்ள தலவான் என்னும் கிராமத்தில் விவசாயக் குடும்பமொன்றிற் பிறந்தவர். அம்மாநிலம் பெருநிலப் பிரபுக்களின் மாநிலம். 1936 மார்ச்சில் அதன் பதஹோஸ் மாகாணத்திற் பதினாயிரக்கணக்கான நிலமற்ற உழவர் பெருந்தோட்டங்களுட் புகுந்து ஏர் பூட்டினர். அவ்வாண்டு ஓகஸ்டிற் பிராங்கோவின் படை பதஹோஸ் நகரிற் புரிந்த படுகொலை அதற்கு விடையாயிற்று. அந்நாட்டின் புகழ்பெற்ற உண்டிகள் பலவும் ஏழையின் அடுப்பிற் பிறந்தவை. காய்ந்த பாணை உதிர்த்து எண்ணெயும் உள்ளியும் சேர்த்து வறுப்பது இடையனின் உணவு. பாண், எண்ணெய், வினாகிரி, உள்ளி, நீர் ஆகியவற்றைக் குழைத்துண்பது வெயிலில் உழைத்த கூலியின் உணவு. எமது பழஞ்சோற்றையும் கூழையும் நினைத்துக்கொண்டால் இது விளங்கும். பசியின் கண்டுபிடிப்புக்கள் இன்று சுவையின் நுட்பங்களாக விலை பெறுகின்றன.

இதனைக் கொண்டு அவ்வுணவை உண்பது பாவம் என்று தீர்ப்புக் கூறுவது மூடத்தனம். வறுமையைப் புனிதமாக்குவது முற்போக்கன்று. நல்லுணவும் நல்லுரையாடலும் நண்பரோடு கூடிநிற்றலும் மனிதனுக்கு உரியவை. எல்லா மனிதருக்கும் உரியவை என்பதே எமது வழக்கு. 1911இல் வீதிக்கு வந்த பெண்களும் இன்பத்தை எதிர்த்துப் போராடவில்லை; தமக்குரிய பங்கைக் கேட்டே போராடினர். அடுக்களையில் நிற்போரையும் மறத்தலாகாது. 2008இன் நெருக்கடிக்குப் பின்னர், ஸ்பெயினில் 2013 அளவில் வேலை தேடும் இளைஞரிற் பாதிக்கு மேற்பட்டோர் வேலையற்றிருந்தனர். பட்டம் பெற்ற பலர் இலண்டனுக்கு வந்து தட்டுக் கழுவினர். தாம் பரிமாறும் வீதியில் ஓர் அறைக்கு வாடகை கொடுக்க அவர்களின் சம்பளம் போதாது.

அப்படியாயின், உண்பவனின் நிலை என்ன? ஆசிரியனாகவோ எழுதுவினைஞனாகவோ மாணவனாகவோ உள்ள ஒருவன் அங்கு செல்கிறான். அவன் எவரையும் வீட்டைவிட்டுத் துரத்தவில்லை. “நான் போகாவிட்டால் வேறொருவன் போவான், என் ஒருவனால் வாடகை ஏறிவிடுமா?” என்று அவன் கேட்கிறான். இந்த வாதம் முற்றும் பொய்யன்று; ஆதலாலேயே அது ஆபத்தானது. ஒவ்வொருவனும் அதனைக் கூறலாம். எல்லாரும் கூறி முடிந்தபின் ஒரு தெருவே காலியாகிவிட்டது. குற்றவாளி ஒருவனும் இல்லை.

குற்றம் வேறு, பொறுப்பு வேறு என்று பகுத்தாலன்றி இச்சிக்கல் அவிழாது. அமெரிக்கத் தத்துவப் பேராசிரியை ஐரிஸ் மரியன் யங், மறைவுக்குப் பின் 2011இல் வெளிவந்த நூலொன்றில் இப்பகுப்பை வலியுறுத்தினார். குற்றம் பின்னோக்கிப் பார்ப்பது. செய்தவனைத் தேடித் தண்டிப்பது. பொறுப்பு முன்னோக்கிப் பார்ப்பது. அநீதியான அமைப்பொன்றிற் பங்குகொண்டு வாழ்பவன், அதனை மாற்றும் கூட்டுமுயற்சியிற் சேரவேண்டும் என்பது. உண்பவன் குற்றவாளியல்லன், ஆனால் பொறுப்பற்றவனுமல்லன்.

“எல்லாருக்கும் பொறுப்பு என்றால் ஒருவருக்கும் பொறுப்பில்லை என்றாகிவிடாதா?” என்பது நியாயமான தடை. ஆகாது, ஏனெனில் பொறுப்புச் சமமாகப் பங்கிடப்படுவதன்று. எவனிடம் அதிகாரம் மிகுதியோ, எவன் அடையும் ஆதாயம் மிகுதியோ அவனது பங்கும் மிகுதி. நிலத்தை வைத்திருப்பவன் முதலாவது, அந்நிலத்தை விற்றும் திட்டத்தை அங்கீகரித்தும் கையொப்பமிடும் ஆட்சிமன்றம் இரண்டாவது, வணிகன் மூன்றாவது, உண்பவன் அதற்கும் பின்னால். தட்டுக் கழுவுபவனின் பங்கு மிகச் சிறியது. ஆனால் நடைமுறையில் நாம் இவ்வரிசையைத் தலைகீழாக்கிவிடுகிறோம். கண்ணுக்குத் தெரியும் உணவுச்சாலையை வைகிறோம். கண்ணுக்குத் தெரியாத நிலவுடைமையை மறந்துவிடுகிறோம்.

வெளியிலிருந்து வருவோரெல்லாம் அயலை அழிப்போரல்லர் என்பதையும் பேர்மண்ட்சியே காட்டுகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அங்கு வந்து குடியேறிய அல்பிரட் சோல்ட்டர் ஒரு மருத்துவர். அவர் மனைவி ஏடாவும் வசதியான குடும்பத்தவரே. ஏழைகளின் வீதியிலேயே வாழ்வது என்று அவர்கள் உறுதிகொண்டனர். 1910இல் எட்டு வயதான ஒரே மகளை அவ்வீதியின் தொற்றுநோய் கொண்டுபோயிற்று; அதன் பின்னரும் அவர்கள் அகலவில்லை. 1922இல் ஏடா பேர்மண்ட்சியின் மேயரானார். இலண்டனில் மேயர் பதவி வகித்த முதற் பெண் அவரே. அவ்வாண்டு அல்பிரட் பாராளுமன்றம் சென்றார். சேரிகளை அகற்றி, அங்கிருந்தவர்களுக்கே தோட்டத்தோடு கூடிய வீடுகள் கட்டினர். தெருத்தோறும் மரம் நட்டனர். இலவச மருத்துவ வசதிகளை வளர்த்தனர். அவர்கள் வந்ததால் எவருடைய வாடகையும் ஏறவில்லை, பொதுச்சொத்து ஏறியது. அவர்கள் நட்ட மரங்களின் நிழலுக்கும் இன்று தரகன் விலை சேர்த்துச் சொல்கிறான். பொதுநலனுக்காகச் செய்யப்பட்ட நன்மையையும், நிலம் தனியுடைமையாக உள்ளவரை, தனியொருவனே அறுவடை செய்வான் என்பதற்கு இதனிலும் தெளிவான பாடம் வேண்டுமோ?

குடியிருப்புப் பிரச்சினையை முதலாளித்துவம் தீர்ப்பதில்லை, வேறோர் இடத்துக்கு மாற்றிவிடுகிறது என்று ஏங்கெல்ஸ் 1872இலேயே விளக்கினார். அதற்குப் பதில் உணவுச்சாலையைப் பகிஷ்கரிப்பதன்று. வியன்னா நகரத் தொழிலாளர் 1919க்கும் 1934க்கும் இடையில், தமது நகரசபையைக் கொண்டு 60,000க்கும் மேற்பட்ட வீடுகளைக் கட்டினர். இன்றும் அந்நகரவாசிகளிற் பாதியளவினர் நகரசபையின் வீடுகளிலோ மானியம் பெற்ற கூட்டுறவு வீடுகளிலோ வாழ்கின்றனர். தெருமுனையிற் புதிய கடை ஒன்று வந்துவிட்டதென்று அவ்வீடுகளின் வாடகையை எவனும் உயர்த்திவிட முடியாது. நிலம் பொதுவாக உள்ள இடத்தில் அயலானின் வருகை விருந்தாகிறது; நிலம் சூதுப்பொருளாக உள்ள இடத்தில் அதே வருகை வெளியேற்றமாகிறது.

ஆகவே, ஓர் அயலிற் புதிய உணவுச்சாலை திறக்கப்படும்போது, அது எந்நாட்டு உணவு என்று கேட்பதை விடுத்து, அங்கு தட்டுக் கழுவுபவன் வேலை முடிந்து நடந்தே வீடு செல்லக்கூடிய தூரத்தில் வாழ முடிகிறதா என்று கேட்போம். முடியுமாயின், உட்புகுந்து மனநிறைவோடு உண்போம். முடியாதாயின் அப்பொழுதும் உண்ணலாம். ஆனால் உண்டபின் செய்யவேண்டிய வேலை ஒன்று மிகுதியாக உள்ளது. வாடகையாளர் சங்கத்திலும், தொழிற்சங்கத்திலும், வாக்குச்சாவடியிலும், நகரசபையின் வாயிலிலும் செய்யவேண்டிய அவ்வேலையை, உணவின் விலையைக் கொடுத்துவிட்டதனால் எவரும் செய்து முடித்தவராகிவிடார்.